நூல் தோரணம்: கண்ணியும் கூலியும்

வாசல் நிலையில் தொங்கும் நூல் தோரணத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. மாவிலைத் தோரணம் இரண்டு நாளில் வாடிவிடும். நூல் தோரணமோ துவைத்துக் கஞ்சி போட்டு அடுத்த பண்டிகைக்கும் மாட்டப்படும். அதைப் பின்னும் கலையைக் குரோஷா என்கிறோம். சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் நம் நாவில் அடைந்த வடிவம் அது. விடுமுறையில் பெண்பிள்ளைகள் கற்கும் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே இக்கலை நம்மிடையே அறியப்பட்டிருக்கிறது. ஆனால் 'பொழுதுபோக்கு' என்ற அந்த ஒரு சொல்லே பல்லாயிரம் பெண்களின் கூலியைத் தீர்மானித்திருக்கிறது என்பது வரலாற்றைப் புரட்டினால் தெரியவரும்.

முதலில் தோரணம் உருவாகும் விதத்தைப் பார்க்கலாம். நூலில் ஒரு கண்ணி. அதனுள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் இன்னொரு கண்ணி. இப்படி நீளும் சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்தால் ஒரு வளையம். வளையத்தைச் சுற்றி இதழ்கள் எழும்பப் பூ பிறக்கும். இப்படிப் பத்து இருபது பூக்களைத் தனித்தனியாகப் பின்னி, நீண்ட சங்கிலியொன்றில் தொங்கவிட்டால் தோரணம் தயார். பழந்தமிழில் தலையில் சூடும் மாலைக்கும் கண்ணி என்று பெயர். பறவையைப் பிடிக்கும் சுருக்குக்கும் அதே பெயர். இந்தக் கலையின் வரலாற்றுக்கு இரண்டு பொருளுமே பொருந்துகின்றன.

குரோஷாவின் வயது அதிகமில்லை. பண்டைய எகிப்து, அரேபியா என்றெல்லாம் அதன் பூர்வீகத்தைத் தேடியவர்கள் உண்டு. எனினும், டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் லிஸ் பாலுடான், 1800க்கு முன்பு ஐரோப்பாவில் இக்கலை இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தார். அச்சில் வந்த முதல் குரோஷா மாதிரிகள், 1823இல் 'பெனலோப்' என்ற டச்சு இதழில் வெளியான சிறு பணப்பைகளுக்கானவை. வசதியுள்ள வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலையாக அப்போது அது இருந்தது.

அதை வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாக மாற்றியது அயர்லாந்தின் பஞ்சம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவு மக்கள் நாட்டை விட்டுக் கப்பலேறினர். கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் ஏழைச் சிறுமியருக்கு இக்கலையைக் கற்பித்தனர். மோனகன் வட்டாரத்தின் குளோன்ஸ் என்னும் ஊரில், பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் இதைத் தொடங்கிவைத்தார். வெனிஸ் நகரத்துப் பழைய ஊசி லேசின் சாயல் இந்தக் கொக்கி வேலையில் வெகு விரைவாகக் கைகூடியது. தேவையான கருவியும் ஒரு கொக்கியும் நூலுமே. ஒருத்தி ரோஜா பின்னுவாள். இன்னொருத்தி இலை பின்னுவாள். அவற்றை வலைப்பின்னலால் இணைப்பவள் மூன்றாமவள். பசித்த குடும்பங்களுக்கு அந்தப் பூக்கள் சோறு போட்டன. லண்டன், பாரிஸ் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டையாக அவை மாறியபோது, பின்னியவளின் பெயர் உடன் செல்லவில்லை.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தால், கையால் பின்னும் லேஸ்காரர்கள் பிழைப்பை இழக்கத் தொடங்கினர். குரோஷாவை மட்டும் இயந்திரங்களால் வெல்ல முடியவில்லை. கொக்கி எப்போதும் ஒரே ஒரு உயிர்க்கண்ணியைப் பிடித்திருக்கும். ஏற்கெனவே பின்னிய பகுதியில் எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் நுழைந்து திரும்பும். இந்தச் சுதந்திரத்தை ஆலை இயந்திரத்துக்குக் கற்பிப்பது கடினம். ஆய்வகங்களில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் கடையில் மலிவு விலைக்குத் தொங்கும் உண்மையான குரோஷா ஆடையை எங்கோ ஒரு கை பின்னியிருக்கிறது. இயந்திரம் செய்ய இயலாத வேலைக்குக் கூலி உயர்ந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு.

அதற்கான சாட்சியம் நம் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியில் உள்ள நரசாபுரத்துக்கு, 1844 வாக்கில் ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதியர் லேஸ் வேலையைக் கொண்டுவந்தனர் என்பது வட்டார வரலாறு. நூலும் வடிவமும் வெளியிலிருந்து வந்தன. வீட்டுத் திண்ணையில் பின்னப்பட்ட லேஸ் கடல் கடந்து போயிற்று. 1978-79இல் அங்கு ஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அயர்லாந்தில் கண்ட அதே பிரிவினையை இங்கும் காண்கிறோம்: பூ பின்னுபவள் ஒருத்தி, அவற்றை ஒட்டி இணைப்பவள் வேறொருத்தி. முழுப் பொருளையும் தானே செய்து சந்தைக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு எவளுக்கும் இல்லை. தரகும் ஏற்றுமதியும் ஆண்களின் கையில் இருந்தன.

நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்ணின் வருமானம், வயலில் கூலிக்குப் போன பெண்ணின் வருமானத்தைவிடக் குறைவு. ஆயினும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பது குடும்ப கௌரவமாகக் கருதப்பட்டது. இல்லத்தரசி ஓய்வில் ஏதோ பின்னுகிறாள் என்றால் அவளுக்குக் கூலி பேச வேண்டியதில்லை, சங்கம் வேண்டாம், கணக்கெடுப்பில் தொழிலாளி என்று எழுதவும் வேண்டாம். உழைப்பை ஓய்வாகப் பெயர் மாற்றும் இந்த ஏற்பாட்டுக்கு மீஸ் 'இல்லத்தரசியாக்கம்' என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தந்தார்.

நம் தென்கோடியில் இதற்கு மாறான ஓர் அத்தியாயம் உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கு பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அது குரோஷா அன்று. தலையணை மேல் மரக்குச்சிகளைப் புரட்டிச் செய்யும் வகை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, அடிமைகளாய் இருந்த சில பெண்கள் லேஸ் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினர். ஒட்டுமொத்தச் சமூகத்தையும் லேஸ் விடுவித்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் வேலை வேலையென்று ஒப்புக்கொள்ளப்பட்டு, கூலி பின்னியவள் கைக்கே வந்து சேர்ந்தபோது, அதே வெண்ணூலால் என்ன முடிந்தது என்பதை இது காட்டுகிறது.

நரசாபுரத்து லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு இப்போது சட்டத்தின் காவல் இருக்கிறது. பின்னுபவளின் கூலிக்கு அந்தக் குறியீடு காவல் ஆவதில்லை. கைவினைச் சந்தையில் ஒரு நூல் தோரணத்தை எடுத்து, "நூல்தானே, இவ்வளவு விலையா?" என்று கேட்கும்போது நாமும் அந்தப் பழைய கணக்கையே போடுகிறோம். பூக்களை எண்ணிப் பார்ப்பது எளிது. ஒவ்வொரு பூவுக்கும் எத்தனை கண்ணி, ஒரு பூ முடிய எவ்வளவு நேரம் என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பேரம் பேசலாம். அதன்பின் பேரம் பேச மனம் வராமலும் போகலாம்.