பாஷை கற்பித்த குற்றம்

1918-ல் முதல் உலக மகாயுத்தத்தின் பீரங்கிகள் ஓய்ந்தன. ஆயின், அமெரிக்காவில் ஜெர்மானியர் மீதெழுந்த துவேஷம் ஓய்ந்திலது. 1919-ல் நெப்ராஸ்கா மாகாணம் ஒரு சட்டஞ் செய்தது. பொதுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைகட்கு வழக்கிலுள்ள அந்நிய பாஷை எதனையும் கற்பித்தல் குற்றமென்பதே அது. வழக்கொழிந்த இலத்தீனுக்குத் தடையில்லை. பல பெற்றோர் வீட்டிற் பேசிய ஜெர்மனுக்குத் தடை!

1920-ல், பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்பித்த இராபர்ட் மேயர் என்னும் உபாத்தியாயருக்கு 25 டாலர் அபராதம் விதித்தனர். அவர் மேல்முறையீடு செய்தார். 1923-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஜெர்மன் பாஷையை அறிதல் மாத்திரமே தீங்காகாதென்று கூறி, அத்தண்டனையை ரத்துச் செய்தது.

சட்டம் வீழ்ந்தது. எனினும், நா எளிதில் வளையும் பருவத்திற் கல்லாது கழிந்த ஆண்டுகளை அப்பிள்ளைகட்கு எந்த நீதிமன்றம் மீட்டளிக்கும்? அன்பர்காள்! அரசியற் பகையைப் பள்ளி வாயிலிலேயே நிறுத்துக.