பெனே இசுரவேலர் வாழ்வில் சமய விதியும் மராத்திய வழக்கும்

முன்னுரை

ஒரு சமூகம் தன் மறைநூலையும் அதன் மொழியையும் இழந்த பின்னரும் அச்சமயத்தின் விதிகளைக் காத்துவர இயலுமா என்னும் வினாவிற்கு மும்பை வாழ் யூதருள் பெரும்பான்மையரான பெனே இசுரவேலரின் வரலாறு விடை தருகின்றது. கொங்கணக் கரையில் நவ்காவ் அருகே கப்பல் உடைய, உயிர்தப்பிய ஏழு இணையரின் வழிவந்தோர் தாம் என்பது இவர்தம் மரபுக்கதை.

செக்கும் ஓய்வுநாளும்

கொங்கணச் சிற்றூர்களில் இவர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்தனர். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்தியமையால் அயலார் இவர்களைச் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை வாணியர்) என்றனர். திங்களன்று ஓய்ந்த இந்து வாணியர் 'சோம்வார் தேலி' எனப்பட்டனர். யூதமறையின் ஓய்வுநாள் விதி இங்குச் சாதி அடையாளமாக உணரப்பட்டமை கருதத்தக்கது. எட்டாம் நாள் விருத்தசேதனம், செதிலும் துடுப்பும் உள்ள மீனையே உண்ணல், 'ஷெமா' என்னும் எபிரேய மன்றாட்டு ஆகியனவும் எஞ்சியிருந்தன. தாவீது ரகாபி என்பார் பெண்டிர் மீனைத் தெரிந்தெடுத்த முறைகண்டே இவர்களை யூதர் என அறிந்தார் என்பர்.

பெயர்களில் வாழும் விதி

விழாக்கள் எபிரேயப் பெயரிழந்து மராத்தியப் பெயர் பூண்டன. பாவ நிவர்த்தி நாள், கதவடைத்து வீட்டினுள் இருந்தமையால் 'தர்ஃபால்னிச்சா சண்' (கதவடைப்பு விழா) ஆயிற்று. எருசலேம் ஆலயம் அழிந்ததற்கான நோன்பு, அன்று சமைக்கும் பயற்றுக் குழம்பின் பெயரால் 'பிர்டியாச்சா ரோஜா' எனப்பட்டது. 'ரோஜா' என்பது நோன்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். காரணம் மறந்த போதும் செயல் மறக்கப்படவில்லை என்பதற்கு இப்பெயர்களே சான்று.

மும்பையில் நூல்வழக்கு

18ஆம் நூற்றாண்டில் இவர்கள் மும்பைக்குக் குடிபெயரத் தொடங்கினர். கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் திவேகர் 1796இல் மாண்ட்வியில் முதல் தொழுகைக்கூடத்தை எழுப்பினார். கொச்சி யூதர் வழிபாட்டு முறை கற்பித்தனர். பாஸ்கா இரவில் ஓதும் நூல் 1846இல் மராத்தி மொழிபெயர்ப்புடன் மும்பையில் அச்சேறியது. நூல்வழக்கு வந்தபின்னும் பழைய வழக்கு அழியவில்லை. அவல், தேங்காய், சர்க்கரை, கனி கொண்டு எலியா தீர்க்கரை முன்னிட்டு இறைவனுக்கு நன்றிசொல்லும் 'மலிதா' என்னும் நேர்த்திக்கடன் எந்த விதிநூலிலும் இல்லை. எனினும் அதுவே இவர்தம் தனியடையாளமாக விளங்குகின்றது.

ஐயமும் தீர்வும்

இசுரேலில் குடியேறிய இவர்களுக்கு இவ்வேறுபாடே இடராயிற்று. மணவிலக்கு விதிகளை முன்னோர் முறைப்படி அறிந்திருந்தனரா என ஐயுற்ற தலைமைக் குருமார், பிற யூதரை மணக்குமுன் இவர்தம் குலவழியை ஆராயுமாறு 1961-62இல் பணித்தனர். நூற்றாண்டுகளாகச் செக்கை நிறுத்திய கைகளின் சான்று அங்குப் போதவில்லை. தொடர் போராட்டத்தின் விளைவாக, இவர்கள் எல்லா வகையிலும் யூதரே என 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானித்தது. மகாராட்டிர அரசு 2016இல் யூதருக்குச் சிறுபான்மைத் தகுதி வழங்கியது.

முடிவுரை

நூல் விதியைத் தோற்றுவிக்கின்றது. வழக்கே அதனை வாழ்விக்கின்றது. நூலின்றியும் வாழ்ந்த விதியை நூல்கொண்டு மட்டும் அளத்தல் முறையன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. அதே நகரின் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்தம் நோன்பு, விழாப் பெயர்களையும் இந்நோக்கில் தொகுத்து ஆராய்தல் பயனுடையதாகும்.