ஆளொழிந்த ஊரும் நம் கடமையும்

மாந்தரைப் போன்றே ஊர்களும் பிறந்து, வளர்ந்து, மறைவதுண்டு. நாம் வாழும் அந்தமானே இதற்குச் சான்று. 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் நிறுவிய குடியேற்றம், 1792-இல் வட அந்தமானுக்கு மாற்றப்பெற்றது. அங்கே நோயும் சாவும் மலியவே, 1796-இல் அடியோடு கைவிடப்பட்டது.

1858-இல் கைதிகளைக் கொணர்ந்து மீண்டும் குடியேற்றம் தொடங்கிய ஆங்கிலேயர், ராஸ் தீவைத் தலைமையிடமாக்கினர். மாளிகையும் மாதாகோயிலும் ரொட்டிச் சாலையும் அங்கே எழுந்தன. 1941 ஜூன் 26-இல் நேர்ந்த நிலநடுக்கமும், 1942-இல் ஜப்பானியர் புகுந்ததும் அவ்வூரின் வாழ்வை முடித்தன. 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு எனப் பெயர்பெற்ற அவ்விடத்தில், இன்று இடிந்த சுவர்களை மரவேர்களே தாங்கி நிற்கின்றன.

அங்கே ஆண்ட துரைமாரை வரலாறு மறக்கவில்லை; காடு வெட்டிக் கல் சுமந்த கைதிகளைப் பெயர் சொல்லி நினைப்பார் எத்தனை பேர்? எழுதிவைக்க ஆளில்லையேல் உழைத்தவரே முதலில் மறக்கப்படுவர்.

ஆதலின் அன்பர்களே! நம் குட்வில் எஸ்டேட்டுக்கு யார், எந்த ஊரினின்று, எந்த ஆண்டில் வந்தனர் என்பதைப் பெரியோர் உள்ளபோதே கேட்டு, வீட்டுக்கு ஒரு பக்கமாக எழுதுவோம். அவற்றைச் சங்கத்தில் ஒரே ஏடாகத் தொகுப்போம். ஊர் நிலைப்பது நம் கையில் இல்லை. அதன் நினைவு நிலைப்பது நம் கையில் உள்ளது.