வகுப்பறையில் கல்வி மென்பொருள்

கல்வி மென்பொருள் என்பது, கணினியிலோ கைப்பேசியிலோ இயங்கி, ஒரு பாடப்பொருளைக் கற்கவும் கற்பிக்கவும் துணைபுரியும் சாதனமாகும். தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும், 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றதும், அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்ததும், 2023-இல் பாடக் காணொளிகளைத் தரும் மணற்கேணிச் செயலி வந்ததும் அதனைச் சாமானியர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கெட்டச் செய்தன. ஆயினும், எதனை எத்தருணத்தில் பிரயோகிப்பது என்பதை நிச்சயிக்க வேண்டியவர் ஆசிரியரே.

திரையின் துணையின்றியே இப்பாடத்தைச் செவ்வனே காட்ட இயலுமா என்பதே அவர் முதலில் ஆராய வேண்டுவது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்தில் வாழும் பிள்ளைக்கு அலையையும் மணல்மேட்டையும் படமாகக் காட்டுவது வீண் பிரயாசை. கடற்கரைக்கு அழைத்துச் சென்றால் அவை பிரத்தியட்சம். ஆனால், அவ்வூரின் அருகிலேயே 1984 முதல் இயங்கிவரும் அணுமின் நிலையத்தினுள் யுரேனிய அணுக்கரு பிளவுறுவதை எவர் கண்ணும் காணாது. பத்தாம் வகுப்பின் அணுக்கரு இயற்பியலுக்கு உருவகப்படுத்தும் மென்பொருள் இன்றியமையாத துணையாவது இக்காரணம் பற்றியே. நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தோற்றுவித்த 'ஃபெட்' தொகுப்பு இவ்வகையைச் சார்ந்தது. அதன் செயல்பாடுகள் பல தமிழிலும் கிடைக்கின்றன.

கணிதத்துக்கு, ஆஸ்திரியரான மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் ஆக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா உகந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் அதனை எடுத்தாள்கின்றன. கரும்பலகையில் வரைந்த முக்கோணம் ஒன்றே ஒன்றுதான். இதிலோ ஒரு முனையைப் பற்றி இழுக்க, அளவற்ற முக்கோணங்கள் தோன்றுகின்றன. இழுக்கும் முன்னர், கோணங்களின் கூடுதல் மாறுமா மாறாதா என்ற தம் அபிப்பிராயத்தை மாணாக்கர் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். இல்லையேல் பாடம் வெறும் வேடிக்கையாய் முடியும். 59.4, 60.3, 60.3 பாகை கொண்ட முக்கோணத்தை முழு எண்களாகத் திரை காட்டும்போது கூடுதல் 179 என வரும். இதனைப் பிழையென்று மறைக்காமல், தோராயம் வேறு, நிரூபணம் வேறு என்று விளக்க வாய்த்த நல்ல சந்தர்ப்பமாகக் கொள்ளல் வேண்டும்.

இணையம் அறுந்தாலும் இயங்குதல், விளம்பரம் இன்மை, பிள்ளைகளின் சொந்த விவரங்களைக் கேளாமை ஆகியனவும் தேர்வில் கவனிக்கத்தக்கவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் அதே கணினியில், அதே பாடத்தைத் தாமே ஒருமுறை முற்ற நடத்திப் பார்த்தல் அவசியம். அங்ஙனம் பரீட்சித்துப் பாராத மென்பொருள், எத்துணைப் புகழ் பெற்றதாயினும், வகுப்பறைக்கு உரியதன்று.