சிறு தேனீக் குடும்பங்களின் குளிர்காலக் காப்பு

ஐரோப்பியத் தேனீ (ஏபிஸ் மெல்லிஃபெரா) குளிர்காலத்தில் உறங்குவதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் வேலைக்காரத் தேனீக்கள் அடைகளின் நடுவே ஒரே திரளாகக் கூடிவிடும். உள்ளே இருப்பவை சிறகை விரிக்காமலே பறப்புத் தசைகளை நடுங்கச் செய்து சூடு உண்டாக்கும். புறத்தே இருப்பவை தலையை உள்நோக்கி வைத்து நெருங்கி நின்று அந்தச் சூட்டைக் காக்கும். இதற்கு எரிபொருள் தேன். திரள் சிறுக்கச் சிறுக்க, உடல்களின் எண்ணிக்கையை ஒப்பிடக் குளிர்படும் மேற்பரப்பு கூடும். தேன் செலவும் அப்படியே. கடுங்குளிரில் நகர முடியாமல், ஓரடை தள்ளித் தேன் இருந்தும் பட்டினியால் மடிந்த சிறு குடும்பங்களை வசந்தத்தில் பெட்டி திறப்பவர்கள் காண்கிறார்கள்.

வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்த காலத்து ஐரோப்பாவில் இவற்றைக் காக்க எவரும் முயலவில்லை என்றே சொல்லலாம். இலையுதிர்காலத்தில் கனமான கூடைகளைத் தேனுக்காகவும், இலேசானவற்றை எப்படியும் பிழைக்காது என்பதாலும் கந்தகப் புகையிட்டு அழித்தார்கள். நடுத்தரமானவையே மறு ஆண்டைக் கண்டன. 1851இல் லாங்ஸ்ட்ராத் அமெரிக்காவில் வடிவமைத்த, கழற்றக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டி நிலைமையை அடியோடு மாற்றியது. குடும்பங்களைத் திறந்து பார்க்கவும், தேன்சட்டம் சேர்க்கவும், நலிந்த இரண்டை ஒன்றாக்கவும் வழி பிறந்தது.

அதே நூற்றாண்டில் வட அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில் பெட்டிகளை நிலவறையில் இறக்கிவைக்கும் வழக்கம் பரவியது. இருட்டும் சீரான குளிர்ச்சியும் தேனீக்களை அமைதியாக வைத்தன; தேனும் மிச்சமானது. ஆனால் மாதக்கணக்கில் வெளியே பறந்து கழிக்க முடியாததால், மட்டமான தேன் உண்ட குடும்பங்களை வயிற்றுப்போக்கு அழித்தது. அமெரிக்க வேளாண் துறையின் பிலிப்சும் டெமத்தும் திரளின் வெப்பநிலையை அளந்து 1914இல் வெளியிட்ட ஆய்வு, அதுவரை நடந்த ஊகவாதங்களுக்கு அளவுகளைத் தந்தது. பின்னர் விஸ்கான்சினில் தேனீ ஆய்வாளர் ஃபாரர், தேனீக்கள் நிறைந்து தேனும் மகரந்தமும் போதுமான அளவு கொண்ட குடும்பம் வெளியிலேயே குளிர்காலத்தைத் தாண்டும் என்று வலியுறுத்தினார். அது சரியே, ஆனால் சிறு குடும்பங்களுக்கு அதில் விடை இல்லை.

சிறு குடும்பங்களின் மதிப்பைக் கூட்டியது கனடாவில் வந்த நெருக்கடி. அங்குள்ள புல்வெளி மாகாணங்களில் பலர் குடும்பங்களை இலையுதிர்காலத்தில் கொன்றுவிட்டு, வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து புதிய தேனீக்களைப் பொதிகளாக வாங்கிவந்தனர். தேனீக்களைத் தாக்கும் உண்ணிகளுக்கு அஞ்சி 1987இல் கனடா அந்த இறக்குமதியை நிறுத்தியது. இருப்பவற்றைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்றானபோது, காற்றோட்டம் அமைந்த இருட்டுக் கொட்டகைகள் பெருகின. அங்கே 5 டிகிரி அளவில் குளிர்ச்சி நிலவும். சிவப்பொளி தேனீயின் கண்ணுக்குத் தெரியாததால் சிவப்பு விளக்கில்தான் ஆள் நடமாட்டம். பெட்டிகள் வெளிவிடும் சூட்டையும் கரியமில வாயுவையும் ஈரத்தையும் விசிறிகள் ஓயாமல் வெளியேற்ற வேண்டும். வெளியே வெயில் ஏறும் மார்ச், ஏப்ரலில் இதுவே பெரும்பாடு.

நான்கைந்து சட்டங்களே உள்ள பெட்டிகளுக்கு இத்தகைய கொட்டகை பெரிதும் கைகொடுக்கிறது. வெளியே வைப்பவர்கள் அவற்றை நெருக்கி அடுக்கி, காப்புறை சுற்றி, ஈரம் வெளியேற மேலே சிறு வாசல் விடுகிறார்கள். பெரிய குடும்பத்தின் தலைமேல் வைத்து அதன் சூட்டைப் பகிரச் செய்வதும் உண்டு. ஆனால் கோடையில் இளம் ராணியோடு பிரித்த சிறு குடும்பத்தையும், வாரோவா உண்ணியால் நலிந்து சிறுத்ததையும் ஒன்றாக எண்ணக்கூடாது. கோடைத் தேனீயின் ஆயுள் சில வாரங்கள். இலையுதிர்காலத்தில் பிறப்பவை கொழுப்பைச் சேமித்துப் பல மாதம் வாழும். அவற்றைக் கூட்டுப்புழுப் பருவத்திலேயே உண்ணி தாக்கியிருந்தால், எந்தக் கொட்டகையாலும் அக்குடும்பத்தைக் காக்க இயலாது. உண்ணிக்கான சிகிச்சை கோடை இறுதிக்குள் முடிந்திருக்க வேண்டும்.