கிஜுபாயின் வகுப்பறை நாடகம்

வழக்கறிஞராக இருந்து ஆசிரியரான கிஜுபாய் பதேக்கா, 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். அவருடைய 'பகல் கனவு' கதைவழிக் கல்விக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதிலுள்ள நாடகம் கவனம் பெறுவது குறைவு. நூலின் ஆசிரியர் லட்சுமிராம் புனைவுப் பாத்திரம். ஆனால் அவர் ஏற்கும் நான்காம் வகுப்பு, காலனியக் காலத் தேர்வுமுறை உருவாக்கிய வகுப்பின் மெய்யான சித்திரம். அங்கே வாசிப்பு என்றால் பாடநூலை ஒப்பித்தல்.

லட்சுமிராம் முதலில் கதை சொல்கிறார். பாடநூலுக்கான பணத்தில் வகுப்புக்கு நூலகம் அமைக்கிறார். கேட்ட கதைகளையே பிள்ளைகள் நடிக்கின்றனர். வசனம் மனப்பாடம் செய்யப்படுவதில்லை. இதுவே முக்கியம். பாடத்தை ஒப்பிப்பவன் பொருள் புரியாததை எளிதில் மறைத்துவிடலாம். கதையைத் தன் சொல்லில் நடிப்பவனால் அது இயலாது. நடிப்பு அவனை மீண்டும் கதைக்கும், கதை புத்தகத்துக்கும் அனுப்புகிறது. (ஒலிப்பதிவுக்கு வாயசைக்கும் இன்றைய ஆண்டுவிழா நாடகம் ஒப்பித்தலின் மறுவடிவமே.)

கிஜுபாய் இச்சோதனையைத் தனித்தீவில் நிகழ்த்திக்காட்டவில்லை. சாதாரண அரசுப் பள்ளியில், கல்வி அதிகாரியின் அனுமதியோடு லட்சுமிராமுக்குக் கிடைத்தது ஓராண்டு மட்டுமே. அதன் முடிவில் தேர்வு வழக்கம்போல் காத்திருந்தது.