உயிர்க்கலத்தின் ஆற்றலும் சுப்பராவ் கண்ட உண்மையும்

உண்ட சோறு உடலுக்கு வலுவாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண மேனாட்டறிஞர் பல தலைமுறைகளாக உழைத்தனர். அவ்வரலாற்றிலே சென்னையிற் கற்ற ஒருவருக்கும் சிறந்த இடமுண்டு. எனினும், அவர் பெயரை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே. அக்குறையை ஓரளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிரின் சுவையை அறியாதார் மட்டக்களப்பிலே இல்லை. காய்ச்சி ஆறிய பாலில் உறை விட்டுச் சட்டியில் வைத்தால், பக்றீரியா என்னும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள வெல்லத்தை ஒட்சிசனின் துணையின்றியே சிதைத்து இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலத்தாற் பால் தயிராய் உறைகிறது. புளித்த பாலில் இவ்வமிலத்தை 1780இல் சுவீடன் நாட்டுச் சீலே கண்டார். பாலைப் புளிக்கச் செய்வது உயிருள்ள நுண்பொருளே என்பதை 1857இல் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் காட்டினார். கள்ளைப் பொங்கச் செய்யும் மதுவத்தையும் அவர் ஆராய்ந்தார். காற்றுள்ளவிடத்து மதுவம் சிறிதளவு வெல்லத்தைக் கொண்டே நன்கு பெருகுகிறது. காற்றில்லாவிடத்து மிகுந்த வெல்லத்தைச் செலவிட்டும் சிறிதே வளர்கிறது. இதனை அவர் 1861இல் எடுத்துரைத்தார். காற்றின்றியும் உயிர் வாழலாம்; ஆயின், செலவு பெரிது.

தயிர்ச்சட்டியில் நிகழ்வது நம் தசையிலும் நிகழ்கிறது. எதிர்காற்றில் வாவியைக் கடக்க விரைந்து தண்டு வலிக்கும் தோணிக்காரனின் தசைக்கு வேண்டுமளவு ஒட்சிசன் எட்டாதபோது, அதுவும் குளுக்கோசை இலற்றிக்கமிலமாக்குகிறது. ஒட்சிசன் இல்லையேல் இவ்வமிலம் தசையிற் பெருகும், ஒட்சிசன் கிடைத்தால் மறையும் என்பதை 1907இல் இங்கிலாந்தில் பிளெச்சரும் ஹொப்கின்சும் தவளைத் தசையைக்கொண்டு நிறுவினர். தசையாராய்ச்சிக்காக ஹில், மையர்ஹோவ் என்போர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றனர். தசையைச் சுருங்கச் செய்வது இவ்வமிலமே என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது.

அவ்வெண்ணத்தை அசைத்தவருள் ஒருவரே எல்லாப்பிரகட சுப்பராவ். 1895இல் ஆந்திரநாட்டுப் பீமவரத்திற் பிறந்த இவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாது தாழ்ந்த பட்டமே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, வறுமையோடு போராடியவாறே ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தார். அங்கு பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, பொசுபரசை அளக்கும் முறையொன்றை 1925இல் வகுத்தார். அம்முறையே புதிய வாயிலைத் திறந்தது. 1927இல் தசையிலுள்ள பொசுபோகிரியற்றினையும், 1929இல் அடினோசின் மூபொசுபேற்றையும் அவ்விருவரும் கண்டனர். பின்னதை அதே ஆண்டில் செருமனியில் லோமானும் தனித்துக் கண்டார். இலற்றிக்கமிலம் உண்டாகாமல் தடுத்தபோதும் தசை சுருங்குவதை 1930இல் டென்மார்க்கு அறிஞர் லுண்ட்ஸ்கார்ட் காட்டவே, பழைய கொள்கை வீழ்ந்தது.

இம்மூபொசுபேற்றே உயிர்க்கலம் வழங்கும் நாணயம் எனலாம். அதன் பொசுபேற்றுப் பிணைப்பு அறுபடும்போது கிடைக்கும் ஆற்றலால் தசை இயங்குகிறது. குளுக்கோசு மூலக்கூறு ஒன்று ஒட்சிசனின்றிச் சிதைந்தால் 2 நாணயங்களே ஊதியம். ஒட்சிசன் இருப்பின், 1937இல் கிரெப்ஸ் விளக்கிய வட்டத்தின் வழியே முற்றும் சிதைந்து, காபனீரொட்சைட்டும் நீருமாகி, ஏறத்தாழ 30 நாணயங்களைத் தருகிறது. நாம் ஓயாது மூச்சுவிடுவதன் பயன் இதுவே.

கிரெப்சுக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பராவுக்கோ ஹாவாட்டில் நிலையான பதவிதானும் கிடைக்கவில்லை. அவர் 1948இல், தமது 53ஆம் வயதில் அமெரிக்காவிலேயே காலமானார். இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது 1995இலேதான்.

இளைஞர்காள்! தாழ்ந்த பட்டமும் வெறுங்கையும் அவரது அறிவு வேட்கையைத் தடுக்கவில்லை. பரிசு பெற்றோர் பெயரை மட்டும் மனனஞ்செய்து அமைதல் போதாது. பரிசு பெறாதவர் செய்த தொண்டையும் அறிந்து போற்றுதல் கற்றோர் கடனாகும்.